காரிடார், ஜன்னல், விளக்கு, தண்ணீர்: வீவக வீட்டில் செடி வளர்க்க எதை எடுப்பது?

சிங்கப்பூரில், அங் மோ கியோ பேட்டையில் நாங்கள் இருந்த பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் நீளமான காரிடார் உண்டு. வாசலுக்கு வெளியே கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பண்டான், ஒரு தொட்டி புதினா என்று எட்டு ஆண்டு நன்றாக ஓடியது. செங்காங்கில் புது வீட்டுக்குச் சாவி கிடைத்து வந்து பார்த்தால் காரிடாரே இல்லை. கதவைத் திறந்தால் நேரே மின்தூக்கி, பக்கத்தில் இன்னொரு வீட்டுக் கதவு. "கறிவேப்பிலைய எங்கம்மா வைக்கப் போறோம்?" என்று அத்தை கேட்டார். அன்றிலிருந்து இந்த நான்கு ஆண்டுகளில், அடுக்குமாடி வீட்டுக்குள் செடி வளர்க்க இருக்கும் வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

புது வீடு வாங்கும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் கேட்பது, எந்தச் செட் வாங்கலாம் என்றுதான். மேசைமேல் வைக்கும் கருவி, ஊதா நிற விளக்கு, குழாய் குழாயாக அடுக்கிய ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்ப்பது) என்று படங்களை அனுப்புவார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: வீட்டுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணி நேரம் வருகிறது? அது தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். அது தெரியாமல் வாங்கும் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆறு மாதத்தில் மூலைக்குப் போய்விடுகிறது.

முதலில் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

சிங்கப்பூரில் செடிக்கு வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பஞ்சமே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு டிகிரி சொச்சத்தில் இருக்கிறோம். ஆண்டு முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம். ஜூனுக்கும் டிசம்பருக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டுக்குள் செடி வளர்க்கும்போது பனியையும் குறுகிய பகலையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இருக்கும் ஒரே பெரிய குறை, சுவருக்கு உள்ளே வெளிச்சம் போதாது என்பது.

இதில் கண்ணை நம்ப முடியாது. மங்கலான இடத்துக்கு ஏற்பக் கண் தன்னை மாற்றிக்கொள்ளும். செடியால் அது முடியாது. கைப்பேசியில் வெளிச்சத்தை அளக்கும் இலவசச் செயலி ஏதாவது ஒன்றை இறக்கிக்கொண்டு, நண்பகலில் வீட்டைச் சுற்றி வாருங்கள். கணக்கு மிகத் துல்லியமாக இருக்காது, ஆனால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது போதும். வெட்டவெளியில் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். எங்கள் வரவேற்பறை ஜன்னல் ஓரத்தில் 5,000 காட்டியது. அங்கிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்தால் 800. சோபாவுக்குப் பக்கத்தில், புத்தகம் படிக்கத் தாராளமாக வெளிச்சம் இருக்கிறது என்று நான் நினைத்திருந்த இடத்தில், 180. கீரை ஒழுங்காக வளர வேண்டுமென்றால் 15,000 லக்ஸ் அளவிலான வெளிச்சம் ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் வேண்டும்.

முளைப்பாரி போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் நவதானியம் விறுவிறுவென்று உயரும், ஆனால் வெளிர் மஞ்சளாக, நூல் போல. திருவிழாவுக்கு அதுதான் அழகு. அதே தோற்றத்தில் உங்கள் ஜன்னலோரக் கொத்தமல்லி நின்றால், உரம் போதவில்லை என்று பொருள் அல்ல. வெளிச்சம் தேடி நீள்கிறது என்று பொருள். நான் முதலில் இதை உரக்குறை என்று நினைத்து உரத்தை ஊற்றியதில் செடி இன்னும் சீக்கிரமாகச் சாய்ந்தது.

அப்புறம் திசை. நம் ஊரில் சூரியன் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நமக்கு வடக்கே நகர்ந்து செல்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்கு பார்த்த ஜன்னலுக்கு ஆண்டின் நடுவில் சாய்வான வெயில் கிடைக்கும், டிசம்பரில் கிடைக்காது. தெற்கு பார்த்த வீட்டில் இது தலைகீழ். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுக்க அரை நாள் வெயிலைத் தரும். இதில் கிழக்கு இதமானது, மேற்கு சுடும். மே மாதம் வீட்டைப் பார்த்து "நல்ல வெயில் வருது" என்று முடிவு செய்து செடி வாங்கியவர்கள், நவம்பரில் அது இலை உதிர்த்து நிற்பதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான். எதிர் புளோக் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரிடார் இருந்தால் வேறெதையும் முதலில் யோசிக்க வேண்டாம்

ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் நேரடி வெயில் விழும் காரிடார் வாய்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. கறிவேப்பிலை, மிளகாய், கலமன்சி (சின்ன எலுமிச்சை), துளசி நான்கும் வெயில் பிரியமான செடிகள். இவற்றை வீட்டுக்குள் வளர்க்க முயன்றவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு குச்சியையும் நாலு இலையையும்தான் பார்த்தார்கள், நானும் உட்பட. வெயில் ஓரளவே வரும் காரிடாரில் கற்பூரவல்லி, பண்டான், வெற்றிலை, பொன்னாங்கண்ணி ஆகியவை நன்றாகவே வரும். வெற்றிலைக்கு உச்சிவெயில் ஆகவே ஆகாது.

ஆனால் காரிடார் நம்முடையது அல்ல, எல்லாருக்கும் பொது. தீ விபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அளந்து பார்க்காமல் தொட்டி வாங்காதீர்கள். சக்கர நாற்காலியில் போகும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அந்த இடம் வாழ்க்கை. கைப்பிடிச் சுவரின் மேலே தொட்டி வைப்பதும், வெளிப்பக்கமாகத் தொங்கவிடுவதும் கூடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் மண்தொட்டி ஆளைக் கொன்றுவிடும். இதில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

அடுத்தது கொசு. தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமே ஆகும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்து கொசுப்புழுவைக் கண்டால் முதல் முறைக்கே 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அபராதத்தை விடுங்கள், டெங்கி வந்து ஒரு வாரம் படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். தட்டையே எடுத்துவிடலாம், அல்லது தினமும் கவிழ்த்துத் துடைக்கலாம். தொட்டி மண்ணின் மேற்பரப்பு இறுகிப் போனால் அதன் மேலும் தண்ணீர் நிற்கும். அதனால் வாரம் ஒருமுறை ஒரு முள்கரண்டியால் கிளறி விடுங்கள்.

காரிடாரின் இன்னொரு வரவு பூச்சிகள். மாவுப்பூச்சியை அத்தை பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வோர் இலையாகத் தேய்த்து எடுப்பார். கறிவேப்பிலையிலும் கலமன்சியிலும் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. பிறகு பச்சையாகி, ஒரே வாரத்தில் ஒரு கிளையை மொட்டையடித்துவிடும். என் மகளுக்காக ஒரு கிளையை அதற்கே விட்டுவிடுவோம். கூட்டுப்புழுவாகித் தொங்கி, ஒரு காலையில் அது சிறகு உலர்த்தியதைப் பதினோராவது மாடியில் பார்க்கக் கிடைத்ததை நான் நட்டமாக நினைக்கவில்லை.

ஜன்னல் ஓரம்: அழகுக்குச் சரி, சமையலுக்குப் போதாது

காரிடார் இல்லாதவர்கள் அடுத்துப் போவது ஜன்னலுக்கு. நான் மேலே சொன்ன 5,000 லக்ஸில் மணி பிளான்ட், பாம்புச் செடி, பீஸ் லில்லி போன்றவை நிம்மதியாக வாழும். மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் பிறந்தவை. மண் காய்ந்தால் தண்ணீர், மாதம் ஒருமுறை இலையைத் துடைப்பது, அவ்வளவுதான் வேலை. வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் மணி பிளான்ட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதை மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இவற்றைக் கூடுதல் விலைக்கு விற்பவர்களை நம்ப வேண்டாம். 1989-இல் நாசா மூடிய சிறு கூண்டுகளுக்குள் வைத்துச் செய்த ஆய்வு அது. வீட்டில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. 2019-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், ஜன்னலைத் திறந்துவைப்பதற்கு இணையாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று கணக்குச் சொன்னார்கள். செடியைச் செடிக்காக வாங்குங்கள்.

சமையலுக்கு என்று வந்தால் ஜன்னல் ஓரத்தில் முளைக்கீரை, அதாவது முளைத்த சில நாளிலேயே வெட்டும் மைக்ரோகிரீன்ஸ், ஒன்று மட்டும் உறுதி. வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு எதையாவது எட்டு மணி நேரம் ஊறவைத்து, உணவு வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் போட்டுத் தூவினால், ஒரு வாரம் பத்து நாளில் வெட்டிவிடலாம். விதைக்குள் இருக்கும் சத்தே அந்தச் சின்ன வயதுக்குப் போதும் என்பதால் வெளிச்சம் அதிகம் கேட்காது. செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சந்தேகத்தோடு தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். வெந்தய முளைக்கீரையைப் பருப்பில் போட்டு ஒருமுறை சாப்பிட்டால் அடுத்த டப்பா தானாக ஊறும்.

ஜன்னலுக்கு ஒரு துணை இடம் உண்டு, பலரும் மறந்துவிடுவார்கள்: சமையலறைக்குப் பின்னால் துணி காயவைக்கும் யார்டு. அங்கே ஜன்னல் பெரியது, குழாய் பக்கத்தில் இருக்கிறது, தரை நனைந்தால் யாரும் திட்டமாட்டார்கள். பல வீடுகளில் வரவேற்பறையைவிட அங்கேதான் வெளிச்சம் அதிகம். அளந்து பாருங்கள்.

விளக்கின் கீழ் ஓர் அடுக்கு

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவை ஒரு கம்பி அடுக்கு, 60 சென்டிமீட்டர் நீள வெள்ளை எல்இடி குழாய்விளக்கு இரண்டு, ஒரு டைமர் பிளக். செடிக்கென்றே ஊதா விளக்குதான் வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. வெள்ளை விளக்கிலும் செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. இரவில் வரவேற்பறை ஊதா நிறத்தில் மின்னினால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி. வெள்ளையில் இலையின் உண்மையான நிறமும் தெரியும், நோய் வந்தால் உடனே கண்ணில் படும். விளக்குக்கும் செடி நுனிக்கும் ஒரு சாண் இடைவெளி. அதைவிடத் தள்ளி வைத்தால் வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். விளக்கைக் கூரையில் மாட்டிவிட்டுச் செடியைத் தரையில் வைத்தால் ஒன்றும் நடக்காது.

மின்சாரச் செலவு பலருடைய பயம். கணக்குப் போடுவோம். 18 வாட் விளக்கு இரண்டு, மொத்தம் 36 வாட். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட். மாதம் 15 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் மாதம் நாலரை வெள்ளி. அந்த ஓர் அடுக்கிலிருந்து வாரத்துக்கு இரண்டு வேளைக் கீரை எங்களுக்குக் கிடைக்கிறது. சரி, கடையில் வாங்கும் தண்டுக்கீரையைவிட இது மலிவா என்றால், இல்லை. தேக்கா சந்தையில் அதே காசுக்கு இதைவிட அதிகமாகவே கிடைக்கும். நம் வீட்டுக் கீரை பறித்த பத்தாவது நிமிடம் சட்டிக்குள் போகிறது என்பதற்காகவும், புதினாவும் கொத்தமல்லியும் ஒரு கைப்பிடி வேண்டும்போது ஒரு கட்டு வாங்கி முக்கால்வாசியை அழுகவிட வேண்டியதில்லை என்பதற்காகவும் செய்கிறோம். பணம் மிச்சம் பிடிக்க மட்டும் இதில் இறங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

எது நன்றாக வருகிறது? தண்டுக்கீரை, சிவப்புக்கீரை, பசலை, வெந்தயக்கீரை, புதினா. புதினாவைத் தனித்தொட்டியில் வையுங்கள், அது பக்கத்துச் செடியின் இடத்துக்கும் ஓடிவிடும். கடைக் கட்டிலிருந்தே நல்ல தண்டாக நாலைந்து எடுத்துத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர்விடும், விதை வாங்க வேண்டாம்.

கொத்தமல்லிதான் பொறுமையைச் சோதிக்கும். மசாலா டப்பாவிலிருந்து எடுத்த முழு மல்லியே போதும். உருட்டுக்கட்டையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து நாளில் தலைகாட்டும். ஆழமாக ஒற்றை வேர் விடும் செடி என்பதால் பிடுங்கி வேறு தொட்டிக்கு மாற்றக்கூடாது, முதலிலேயே ஒரு சாண் ஆழத் தொட்டியில் நேரடியாக விதைக்க வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் இலையை நிறுத்திவிட்டுப் பூக்கப் போய்விடும். சிங்கப்பூர்ப் பகலில் அதைத் தவிர்ப்பது கடினம். அதனால் கொத்தமல்லித் தொட்டிக்கு மட்டும் டைமரை மாற்றி வைத்தேன்: மாலை ஆறு மணிக்கு எரிந்து காலை எட்டு மணிக்கு அணையும். விளக்கின் சூடும் பகலின் சூடும் சேராமல் பிரிந்துவிடுகின்றன. மகள் படிக்கும் அறையில் வைத்திருப்பதால் மாலையில் ஓடும் ஏர்கானின் குளிர்ச்சியும் அதற்குக் கிடைக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு தொட்டியிலிருந்து மூன்று முறை வெட்ட முடிகிறது. முன்பு ஒரு முறைதான்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே தோட்டத்திலிருந்து அள்ளி வரும் மண் தொட்டிக்குள் களிமண்ணாக இறுகும். கலந்து விற்கும் தொட்டிமண்ணோடு கழுவிய தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (பொரி போல லேசான வெள்ளைக் கல்) சேர்த்தால் வேருக்குக் காற்று கிடைக்கும். வீட்டுக்குள் மண் என்றாலே வரும் தொல்லை, முகத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னக் கறுப்பு ஈ. எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் அது முட்டையிடும். மேல் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள்.

மண்ணே இல்லாமல் தண்ணீரில்

மண்ணும் ஈயும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹைட்ரோபோனிக்ஸ். குழாய், பம்பு எல்லாம் இல்லாத எளிய முறை ஒன்று இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்னார்டு கிராட்கி வகுத்தது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. மூடியுள்ள ஒரு பெட்டியில் சத்துக் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டுச் சின்ன வலைக்கோப்பையில் நாற்றை உட்கார வைத்துவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் காற்றிலிருந்து மூச்சுவிடும், கீழே இருப்பவை நீரைக் குடிக்கும். ஒரு லெட்டூஸுக்கு நாலு லிட்டர் பெட்டி என்றால் அறுவடை வரை திரும்ப நிரப்பவே வேண்டியிராது.

சத்து, ஏ என்றும் பி என்றும் இரண்டு பாட்டிலாக விற்கும். ஒன்றில் கால்சியம், மற்றதில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாக இருக்கும்போது இரண்டையும் நேரடியாகக் கலந்தால் சுண்ணாம்பு போலப் படிந்து வீணாகும். முதலில் தண்ணீர், அதில் ஏ, கலக்கிய பிறகு பி. கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. நம் குழாய்த் தண்ணீர் சற்றே காரத்தன்மை உடையது என்பதால் ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய யோசனை இங்கே அவ்வளவாகப் பலிக்காது. இங்கே தண்ணீரில் கலப்பது குளோராமின், அது லேசில் ஆவியாகாது. கீரைக்கு அந்த அளவு கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த முறையின் உண்மையான எதிரி வெப்பம். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மட்டுமே. வேர் மூச்சுத் திணறி, பழுப்பாகி, வழவழவென்று அழுகும். குளிர்நாட்டு லெட்டூஸை இங்கே வளர்க்க வேண்டி, தேசியக் கல்விக் கழகத்தின் பேராசிரியர் லீ சிங் கோங் வேர்ப்பகுதியை மட்டும் குளிர்வித்து, மூடுபனி போலச் சத்து நீரைத் தெளிக்கும் முறையை உருவாக்கினார். செடி மொத்தத்தையும் குளிர்சாதன அறையில் வைக்காமலேயே லிம் சூ காங் பண்ணையில் லெட்டூஸ் விளைந்தது. நம் வீட்டில் அந்த வசதி இல்லை. அதனால் நான் செடியை மாற்றிக்கொண்டேன். கங்கோங் கீரை பிறப்பிலேயே தண்ணீர்ச்செடி, நம் வெப்பம் அதற்குச் சொந்த ஊர். தண்டை வெட்டி வைத்தாலே போதும், மூன்று வாரத்தில் முதல் அறுவடை. லெட்டூஸ்தான் வேண்டுமென்றால் பெட்டியை வெயில் படாத இடத்தில், விளக்கின் கீழ் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டியிருந்தால் அலுமினியத் தாளால் சுற்றுங்கள்.

கொசுவை மறந்துவிடாதீர்கள். அசையாமல் நிற்கும் தண்ணீர்ப் பெட்டி அதற்குத் தொட்டில். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கோப்பையைச் சுற்றி ஒரு குச்சி நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது. நான் ஓரங்களில் பஞ்சு அடைத்து வைக்கிறேன். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க முடியாதவர்கள் இந்த முறைக்கு வராமல் இருப்பதே நல்லது.

மேசைமேல் வைக்கும் கருவி

விளக்கும் பம்பும் விதைக் குப்பியும் சேர்ந்த அழகான கருவிகள் 100 வெள்ளியிலிருந்து கிடைக்கின்றன. எங்களுக்கு ஒன்று பரிசாக வந்தது. முதல் இரண்டு மாதம் துளசியும் லெட்டூஸும் அருமையாக வந்தன. குப்பிகள் தீர்ந்ததும் அதே விற்பனையாளரிடம்தான் மறுபடி வாங்க வேண்டியிருந்தது, ஒரு கட்டத்தில் அவர்களிடமும் இல்லை. பஞ்சை வெட்டி நானே குப்பி செய்து ஓட்டினேன். ஆறு செடிக்கு இடம் என்றாலும் வளர்ந்த பிறகு மூன்றுக்குத்தான் இடம் போதும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், குனிந்து நிமிர முடியாதவர்களுக்கு இது பொருத்தம். மற்றவர்கள் அதே காசுக்கு விளக்கு அடுக்கு ஒன்றைச் செய்துகொண்டால் நாலு மடங்கு இடம் கிடைக்கும்.

கீழே இறங்கினால்

வீட்டுக்குள் எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் வெளியே இடம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் பல குடியிருப்புப் பேட்டைகளில் தோட்டங்கள் உள்ளன. உங்கள் புளோக்குக்குக் கீழேயே ஒன்று இருக்கலாம், போய்ப் பேசிப் பாருங்கள். தனிப் பாத்தி வேண்டுமென்றால், அதே கழகம் பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் உயர்பாத்திகளை மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 57 வெள்ளி வாங்கினார்கள். கேட்பவர்கள் அதிகம் என்பதால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முருங்கை, வாழை போன்ற பெரிய ஆசைகளுக்குச் சமூகத் தோட்டம்தான் இடம். ஆனால் தாளிக்கும்போது நாலு இலை கிள்ள ஆறு மாடி இறங்க முடியாது. 2020-இல் கழகம் பதிவு செய்த வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலம் அனுப்பியபோது முதல்முறையாக மண்ணைத் தொட்டவர்கள் பலர் பிறகு இந்தத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததை எங்கள் பேட்டையிலேயே பார்த்தேன்.

யாருக்கு எது

வெயில் விழும் காரிடார் இருப்பவர்கள் கறிவேப்பிலையும் மிளகாயும் கலமன்சியும் வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பையில் போடுங்கள். வெயில் இல்லாத, ஆனால் தினமும் சமைக்கிற குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது மண்தொட்டியோடு விளக்கு அடுக்கு. மண் கொஞ்சம் தவற்றைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும், உரம் கூடிப்போனாலும் சமாளிக்கும். தண்ணீர் முறையில் பிழை நேர்ந்தால் இரண்டே நாளில் வேர் போய்விடும். அளவு பார்த்து, எழுதி வைத்து, சோதித்துச் செய்வதில் சந்தோஷப்படுகிறவர்களுக்கு அந்த முறை மிகவும் பிடிக்கும். என் கணவர் அப்படிப்பட்டவர், கங்கோங் பெட்டிகள் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் முளைக்கீரையும் மணி பிளான்ட்டுமாகத் தொடங்கலாம்.

தேர்வு செய்யும் முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போனால் என்ன செய்வது? எங்கள் முதல் ஆண்டுக் கீரை முழுவதும் அப்படித்தான் காய்ந்தது. இப்போது ஊருக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பு கீரை அடுக்கை அறுத்துக் காலி செய்துவிடுகிறோம், அந்த மாதம் புதிதாக விதைப்பதில்லை. புதினாத் தொட்டிக்குப் பருத்திக் கயிற்றின் ஒரு முனையை மண்ணிலும், மறு முனையை மூடிபோட்ட தண்ணீர்ப் பாட்டிலிலும் விட்டு வைத்தால் கயிறு தானாக ஈரத்தை இழுத்துக் கொடுக்கும். கங்கோங் பெட்டியை நிரப்பி, ஓரங்களை அடைத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். மணி பிளான்ட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கறிவேப்பிலைக்கு மட்டும் வழி தெரியவில்லை. அங் மோ கியோவிலிருந்து கொண்டுவந்த அந்தச் செடி யார்டு ஜன்னலில் இரண்டு மழைக்காலம் தாங்கி, மூன்றாவதில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. கடைசியில் பழைய புளோக்கில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த மக்சிக்கிடம் (மலாய்க்காரப் பெரியம்மா) கேட்டோம். அவருடைய காரிடார் கிழக்கு பார்த்தது. இப்போது செடி அங்கே இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. மாதம் இரண்டு முறை அத்தை பேருந்தில் போய் ஒரு பை நிறையப் பறித்து வருகிறார். மக்சிக் மீன் கறிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்.